வலியறிதல்

நாற்பதைக் கடந்தவரும், காலை முதல் மாலை வரை கோப்புகளுக்கிடையே அமர்ந்திருப்பவருமான ஓர் எழுத்தர், கணிப்பொறி விளையாட்டொன்றைப் பற்றிச் சங்க மலரில் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைப்போர் நகைத்துக்கொள்க, குற்றமில்லை. திரைப்படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினாலே நகைத்த காலமும் ஒன்று இருந்தது. நாம் சொல்ல வந்தது, ஒரே விளையாட்டை இருமுறை ஆடிய கதை. முதன்முறை மந்திரம் கற்றவனாக ஆடி முடித்ததை, இரண்டாம் முறை உடல் வலிமை ஒன்றையே நம்பிய முரடனாக ஆடத் தொடங்கினோம். ஆடிய இடம் பாலாறு. நம் மாமனார் வீட்டுத் திண்ணை. அவரைச் சொல்லாமல் இதைச் சொல்ல இயலாது என்பதால் கட்டுரை சற்றே நீளும்.

விளையாட்டின் பெயர் டார்க் சோல்ஸ். ஜப்பான் நாட்டு ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்டது. இயக்கியவர் ஹிடேடகா மியாசாகி. 2018இல் புதுக்கிய பதிப்பு ஒன்று வந்தது. நம் மகன் விட்டுச் சென்ற பழைய மடிக்கணினியில் இருந்தது அப்பதிப்பே. அணையப் போகும் ஆதி நெருப்பு, சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் திரியும் மாந்தர், பாழடைந்த கோட்டைகள் இவையே அதன் உலகம். அதன் பெயரும் புகழும் அதன் கடுமையால் வந்தவை. சிறு கவனப்பிசகுக்கும் தண்டனை இறப்பே. இறந்தவன் தான் கடைசியாக இளைப்பாறிய நெருப்பருகே மீண்டும் எழுவான். பகைவரை வென்று ஈட்டிய ஆன்மாக்கள், அவ்வுலகின் செலாவணி அவையே, அவன் விழுந்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி அங்கே சென்று எடுத்துக்கொள்ளலாம். செல்லும் வழியில் இன்னொரு முறை இறந்தானாயின் போனது போனதே. நெருப்பருகே அமர்ந்தால் மருந்துக் குடுவை நிறையும். ஆனால் வெட்டி வீழ்த்திய பகைவரும் பெரும்பாலோர் எழுந்து தத்தம் இடங்களில் நின்றுகொள்வர். அலுவலகத்தில் வெள்ளி மாலை முடித்த கோப்புகள் திங்கள் காலை மேசையில் இருப்பதைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆன்மாக்களைச் செலவிட்டு உயிர்வளம், தாங்குதிறன், வலிமை, கைத்திறன், அறிவு, நம்பிக்கை முதலிய எட்டுத் திறன்களில் வேண்டியதை ஒவ்வொரு படியாக உயர்த்திக்கொள்ளலாம். எதை உயர்த்துகிறோமோ அதற்கேற்ற ஆளாக ஆகிறோம். மகன் மேல்நிலைப் பள்ளியில் படித்த நாளில், அவன் அருகிருந்து சொல்லச் சொல்ல, நாம் அறிவை உயர்த்தி மந்திரவாதியாக ஆடினோம். மந்திரவாதி தொலைவில் நின்று கோலை நீட்டுவான். ஒளியம்பு சென்று பகைவனைத் தைக்கும். அது நமக்கு எளிதாகக் கைவந்தது. நம் தொழிலும் அத்தகையதன்றோ? குறிப்பெழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டால் அடி எங்கோ ஓரிடத்தில் விழும். விழுந்தவர் முகத்தை நாம் காண்பதில்லை.

மகன் கல்லூரி விடுதிக்குச் சென்றபின் வீடு ஓசையற்றுப் போயிற்று. ஆடி முடித்தவர் அதே ஆளோடும் அதே திறன்களோடும் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆடலாம்; பகைவர்தாம் மேலும் கடுமையாவர். மகன் அதை வேண்டாமென்றான். "புது ஆளா ஆரம்பிங்கப்பா. மந்திரமே வேண்டாம், பலத்தை மட்டும் வெச்சு ஆடுங்க. இது அதே கேம்தானான்னு உங்களுக்கே சந்தேகம் வரும்" என்றான். தசரா விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்து எடுத்து, மைசூரின் கூட்டத்துக்குத் தப்பிப் பாலாற்றுக்குச் சென்றபோது அக்கணினியையும் பையில் வைத்துக்கொண்டோம்.

பாலாறு என்றதும் வேலூரை நினைக்க வேண்டா. இது மாதேஸ்வரன் மலைக்கு அருகே காவிரியோடு கலக்கும் சிற்றாறு. தமிழகத்துக்கும் கருநாடகத்துக்கும் எல்லை. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் சென்றது. நம் மாமனார் இன்றும் மைசூர் மாவட்டம் என்றே சொல்வார். செய்தித்தாள் படிப்போர்க்குப் பாலாறு என்றால் 1993 ஏப்ரல் 9ஆம் நாள் நிலக்கண்ணி வெடித்து 22 பேர் மாண்ட இடம். மேட்டூர், கொளத்தூர் வழியாக மாதேஸ்வரனைக் காணச் செல்லும் அடியார்க்கு, மலையேறுமுன் வரும் சோதனைச் சாவடி. நமக்கோ பெண் கொடுத்த வீடு.

மாமனார் நாற்பதாண்டுக்கு மேல் பரிசல் செலுத்தியவர். மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துப் பின்னித் தாரும் பூசி, தம் பரிசலைத் தாமே கட்டிக்கொள்வார். மேட்டூர் அணையின் தேக்கத்தில் மீன் பிடித்தார். ஆட்களையும் ஆட்டுக்குட்டிகளையும் அக்கரை சேர்த்தார். கரைக்கு வந்ததும் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு மேடேறுவார். பதினெட்டாண்டுக்கு முன், நம் திருமணத்தன்று, நம் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, "பேனா புடிக்கற கை. துடுப்பு புடிச்சா தோல் உரிஞ்சிரும்" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். அவர் விளையாட்டாகச் சொன்னதை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றுமுதல் அவரை ஒரு தசைத்திரளாகவே மனத்துக்குள் எழுதி வைத்திருந்தோம். சண்டையில்லை, மனத்தாங்கலில்லை; பேச்சும் மிகுதியில்லை. வரும்போது வாங்க மாப்பிள்ளை, போகும்போது சரிங்க மாமா; அவ்வளவே.

சென்ற சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் விழுந்தது. ஆறு திங்களில் கால் ஒருவாறு தேறிக் கோலூன்றி நடந்தார், வலக்கை தேறவில்லை, பேச்சு குழறலாகத் திரும்பியது. நடக்கத் தொடங்கியதுமே ஆற்றங்கரைக்குப் போக முயன்றார் என்றும், ஒருநாள் தனியே பரிசலைத் தள்ளி விழுந்தார் என்றும் மைத்துனர் தொலைபேசியில் கலங்கினார். அதற்கு யோசனை சொன்னவர் நாமே. "பரிசலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள். துடுப்பைக் கண்ணில் படாமல் பரண்மேல் போட்டுவிடுங்கள். எல்லாம் அவர் நன்மைக்குத்தான்" என்று மைசூரிலிருந்து சொன்னோம். அப்படியே செய்தார்கள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். தொடக்கத்தில் கிடைக்கும் பத்து வகை ஆட்களில் கொள்ளைக்காரனைத் தெரிந்தெடுத்தோம். அவனுக்கு வலிமை 14, கைத்திறன் 9. முதற் கோயிலை ஒட்டிய இடுகாட்டில், எலும்புக்கூடுகள் எழுந்து வரும் கல்லறைகளுக்கிடையே, ஸ்வைஹாண்டர் என்னும் ஆளுயர வாள் ஒன்று கிடக்கிறது. இரு கையால் பிடிப்பது என்பது அச்செருமானியச் சொல்லின் பொருள். அதை ஆள வலிமை 24, கைத்திறன் 10 வேண்டும். ஆனால் ஒரு சலுகை உண்டு: இரு கையாலும் பிடித்தால் வலிமை ஒன்றரை மடங்காகக் கொள்ளப்படும். 16 இருந்தால் 24 என்று கணக்கு. ஆக மூன்றே படி ஏறினால் போதும்! கணக்கெழுதிப் பழகிய நமக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சியை என்னென்பது? அகவிலைப்படி உயர்ந்த நாளிலும் அத்தனை மகிழ்ந்ததில்லை. எலும்புக்கூடுகளிடம் நான்குமுறை இறந்து, ஐந்தாம் முறை ஓடிச்சென்று வாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தோம்.

சுமைக்கும் கணக்கு உண்டு. தாங்குதிறன் 14 உள்ளவன் 54 அளவு சுமக்கலாம். கால்பங்குக்குள் சுமந்தால் துள்ளி உருள்வான். அரைப்பங்குக்குள் ஓரளவு உருள்வான். அரைப்பங்கைக் கடந்தால் மூட்டை உருள்வதுபோல் உருண்டு, எழுவதற்குள் அடிபடுவான். வாளே 10. அதன்மேல் இரும்புக் கவசத்தை அடுக்கினால் காப்பு மிகும், கால் போய்விடும். மயிலிறகே ஆனாலும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தை வலியறிதல் அதிகாரத்தில் படித்துப் பட்ட வகுப்பில் தேர்வெழுதியவர் நாம். வலி என்றால் நோவு என்று மட்டுமே பொருள்கொள்ளும் இந்நாளில் அவ்வதிகாரத்தின் பெயரே சிலரைத் திகைக்க வைக்கிறது. வள்ளுவர்க்கு வலி என்றால் வலிமை. அதை 48ஆம் அதிகாரமாக வைத்துக் காலமறிதலை 49 ஆகவும் இடனறிதலை 50 ஆகவும் தொடுத்திருக்கிறார். ஏன் இந்த வரிசை என்று அந்நாளில் ஆசிரியரை நாம் கேட்டதில்லை.

வலிமையுள்ளவன் பாடு எளிது என்று எண்ணியிருந்தோம். எதிர்ப்பட்டவனை ஓர் அடியில் தரையோடு தரையாக்கலாம் என்பது உண்மையே; அந்த வாளை ஓங்கிக் குத்துயரத்திலிருந்து இறக்கினால் சிறு பகைவர் நசுங்கிப் படுத்துவிடுகின்றனர். ஆனால் வாள் கனமானது. பொத்தானை அழுத்திய பின் அது தோளுக்கு ஏறி, நின்று, பிறகே இறங்குகிறது. அதற்கிடையில் மனம் மாறினாலும் கை மாறாது. பகைவன் விலகிவிட்டான் என்று கண்ணால் காண்கிறோம். வாளோ வெறுந்தரையில் விழுந்தே தீர்கிறது. தரையிலிருந்து அதைத் தூக்கி நிமிர்த்துவதற்குள் அவன் இருமுறை குத்திவிடுகிறான். வீச்சு ஒவ்வொன்றும் மூச்சைத் தின்கிறது. திரையில் பச்சைக்கோடு குறைந்து குறைந்து, ஒதுங்கவேண்டிய நேரத்தில் ஒதுங்க மூச்சிருப்பதில்லை. மந்திரவாதியாக இருந்த நாளில் தவறினால் இன்னோர் அம்பு, அவ்வளவே. இப்போது தவறினால் சாவு. முதல் மூன்று நாளில் எத்தனை முறை இறந்தோம் என்பதை எண்ணவில்லை. எண்ணத் தொடங்கினால் ஆட மாட்டோம் என்று தெரிந்தே எண்ணவில்லை.

துணைக்கும் ஆளில்லை. இவ்விளையாட்டில் இணையத்தின் வழியே, முகமறியாதவர் தரையில் குறிப்பெழுதி வைக்கலாம். அழைத்தால் உதவிக்கும் வரலாம். பனி பெய்த மலைச்சாலையில் தம் வண்டி ஏறமுடியாமல் நின்றபோது, பின்னால் வந்த வண்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளி மேலேற்றிய நிகழ்ச்சியே இவ்வமைப்புக்கு வித்து என்று மியாசாகி சொல்லியிருக்கிறார். தள்ளிவிட்டவர்க்கு நன்றி சொல்லவும் வண்டியை நிறுத்த முடியாதாம். நிறுத்தினால் மறுபடி சிக்கிக்கொள்ளும். மாமனார் வீட்டில் அலைபேசிக்கு அலை எட்டுவதில்லை. மகனைக் கேட்பதென்றால் சாவடிவரை நடக்கவேண்டும். ஆகவே நாம் இருந்தோம், வாள் இருந்தது. பின்னால் கயிற்றுக் கட்டிலில் மாமனார் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

நான்காம் நாள் இரவு ஹேவலிடம் வந்து சேர்ந்தோம். பழைய காவற்கோபுரம் ஒன்றின் அடியில், குறுகிய சுழற்படிகளின் கீழே, பாறை போன்ற கவசம் பூண்டு நிற்கிறான் அவன். பாறை என்பதே அவன் அடைமொழி. அரசன் குவினின் பழைய போர்த்தோழன். கையில் இருப்பது டிராகனின் பல். பல்லென்று பெயரே ஒழிய அது ஒரு மரம். தொடக்கநிலை ஆள் மீது அது முழுதாக விழுந்தால் ஓர் அடியே போதும். நாம் இறங்கினோம், அவன் ஓங்கினான், நாமும் ஓங்கினோம். நாம் ஓங்கி முடிக்குமுன் முடிந்தது.

மறுபடி நெருப்பிலிருந்து எழுந்து, வழியிலுள்ளோரைத் தாண்டி, படியிறங்கினோம். மறுபடியும் அதே முடிவு. இப்படி ஆறேழு முறை ஆனபின் கட்டிலிலிருந்து குரல் வந்தது. நான்கு நாளில் விளையாட்டைப் பற்றி அவர் பேசிய முதற்பேச்சு.

"மாப்பிள்ளை. அவன் ஓங்கறப்ப நீங்க ஏன் ஓங்கறீங்க?"

திரும்பிப் பார்த்தோம். இடக்கையால் ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அவன் அடிச்சு முடிக்கட்டும். அத்தாம் பெரிய கட்டையை அடிச்சவன் திருப்பித் தூக்க வேண்டாமா? அவனுக்கும் உங்க பாடுதானே?"

அவனுக்கும் நம் பாடுதான் என்பது அதுவரை நமக்குத் தோன்றவேயில்லை. நாம் கனமான வாளால் அவதிப்பட்டோம். அவன் அதினும் கனமான பல்லால் அவதிப்படுகிறான் என்பதைத் திண்ணையில் கிடந்தவர் கண்டார், விசையைக் கையில் பிடித்திருந்த நாம் காணவில்லை.

அன்றிரவு நெடுநேரம் ஆடினோம். குழறும் பேச்சில், நிறுத்தி நிறுத்தி, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "சுழியில மாட்டினவொடனே துடுப்புப் போடறவன் சின்னப் பையன். ஒரு சுத்து சுத்தட்டும்னு விட்டரோணும். போற வாய் தெரியறப்ப ஒரே போடு." இன்னொரு முறை, "இப்ப அடிக்காதீங்க. மூச்சு வரட்டும். அவன் எங்கயும் ஓடமாட்டான்." நாம் ஹேவலைச் சுற்றி நடந்தோம். அவன் ஓங்கினான்; நாம் வாளைத் தோளிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒதுங்கினோம். பல் தரையில் விழுந்தது. ஓர் அடி அடித்துவிட்டு, இரண்டாவதற்கு ஆசைப்படாமல் விலகினோம். ஆசைப்பட்ட முறைகளில் இறந்தோம். ஓங்கிய கை ஓங்காமல் நிற்பதற்கு எத்தனை பாடு படவேண்டியிருக்கிறது! நாற்பதாண்டு ஆற்றில் இருந்தவர் தோளை நாம் வெறும் தசை என்று எழுதி வைத்திருந்தோம். அந்தத் தோள் பெரும்பாலும் செய்த வேலை காத்திருப்பது போலும்.

ஐந்தாம் நாள் இரவு ஹேவல் விழுந்தான். சிறு பகைவரைப் போல அவன் மறுபடி எழுவதில்லை. ஒருமுறை வீழ்ந்தால் வீழ்ந்ததே. அவன் மோதிரம் நமக்குக் கிடைத்தது. அதை அணிந்தால் சுமக்கும் அளவு ஒன்றரை மடங்காகும். பேருதவி. ஆயினும் நாம் எதிர்பார்த்த களிப்பு வரவில்லை. மாமனார் கேட்டார்: "யாரு அவன்? எதுக்கு அங்க நின்னான்?"

இவ்விளையாட்டில் கதையை யாரும் நேராகச் சொல்வதில்லை. வறுமைப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த மியாசாகி, சிறுவயதில் தமக்கு முற்றும் விளங்காத ஆங்கிலக் கதைகளைப் படித்து, விளங்காத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர். ஆடுவோரும் அப்படியே நிரப்பிக்கொள்ளட்டும் என்று, வாளிலும் மோதிரத்திலும் சாவியிலும் சிறுசிறு குறிப்புகளாகக் கதையைச் சிதறி வைத்திருக்கிறார். அந்தக் கோபுரத்து நிலவறைச் சாவிக்கும் ஒரு குறிப்பு உண்டு. முதல் ஆட்டத்தில் நாம் படித்து மறந்தது. அதை நினைவுகூர்ந்து மாமனாருக்கு எடுத்துச் சொன்னோம்: பெருவீரன் ஒருவன் தன்னிலை இழந்துபோனான், அவன்மேல் அன்புகொண்ட நண்பன் ஒருவன் அவனை நிலவறையில் வைத்துப் பூட்டினான், எல்லாம் அவன் நன்மைக்காகவே.

சொல்லிக்கொண்டு வரும்போதே அச்சொற்கள் எங்கோ கேட்டவையாகத் தோன்றின. நன்மைக்காகவே என்ற சொல்லை முடிக்கும்போது நம் குரல் நமக்கே கேட்கவில்லை.

மாமனார் சற்றுநேரம் பேசவில்லை. வெளியே மேட்டூர்ப் பக்கம் போகும் வண்டி ஒன்றின் வெளிச்சம் சுவரில் நகர்ந்து மறைந்தது.

"ரொம்ப நாளா நிக்கறானா?"

"கணக்கே இல்லீங்க, மாமா."

"கையில இருந்தத மட்டும் புடுங்கல, இல்ல?"

"புடுங்கலீங்க."

"அது வரைக்கும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாம் கணினியை மூடினோம். உறக்கம் வரவில்லை. கொசுவலைக்குள் கிடந்து, நாம் எழுதி அனுப்பிய கோப்புகளில் எத்தனை பேர் துடுப்பைப் பரணில் ஏற்றியிருப்போம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். மனைவியை எழுப்பிச் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏணியை வைத்துப் பரணில் ஏறினோம். துடுப்பு பழைய பாய்ச்சுருளுக்குப் பின்னால் இருந்தது. கைப்பிடி வழவழவென்று தேய்ந்து, பிடித்த இடம் பள்ளமாகியிருந்தது. நாம் நினைத்ததைவிடக் கனம். கீழே நின்ற மைத்துனர், "நீங்கதானே மச்சான் எடுத்து ஒளிக்கச் சொன்னீங்க?" என்றார். ஆம், நாம்தான் என்றோம். அவர் நெடுநேரம் வேண்டாமென்றே வாதிட்டார். அவர் அச்சத்தில் நியாயமும் இருந்தது, விழுந்தவரைத் தூக்கியவர் அவரன்றோ? இறுதியில், பரிசலுக்குக் கயிறு கட்டுவதென்றும், அவர் இடுப்பளவு நீரில் உடன் நிற்பதென்றும், கயிற்றின் முனையை நாம் கரையிலிருந்து பிடித்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று.

தேக்கத்து நீர் அன்று அசைவற்றுக் கிடந்தது. மாமனாரை இருவருமாகத் தாங்கிப் பரிசலுக்குள் உட்கார வைத்தோம். துடுப்பை நாமே நீட்டினோம். வாங்கிக்கொண்டவர் நம்மைப் பார்க்கவில்லை, துடுப்பைப் பார்த்தார். இடக்கையால் கைப்பிடியைப் பற்றித் தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதற்போடு போட்டார். ஒருபக்கமாகப் போட்டால் பரிசல் சுழலும், சுழன்றது. அவர் முகம் நமக்கு வந்தது, முதுகு வந்தது, மறுபடி முகம் வந்தது. மைத்துனர் கையை நீட்டிப் பிடிக்கப் போனார். மாமனார் துடுப்பை நீரிலிருந்து எடுத்துக் குறுக்கே வைத்துக்கொண்டு, வேண்டாமென்று தலையசைத்தார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி, அரைச்சுற்று சுற்றி, நின்றது. பிறகு துடுப்பை நேர்முன்னே இறக்கித் தம்பக்கம் இழுத்தார். ஒரு முழம் நகர்ந்திருக்கும். கயிறு விறைத்தது.

"கயித்த விடுங்க, மாப்பிள்ளை."

"முழுசுமா, மாமா?"

அவர் மைத்துனரைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார்.

"ரெண்டு பாகம்."

இரண்டு பாகம் விட்டோம். கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு சென்றது.